ஊசியா வளந்த பொடி

இல்லம்மா, உங்களைத் தடுக்க வரல. என் வீடே இந்தச் சாந்த்ராகாச்சி ரயில்வே காலனிதான, அஞ்சு நிமிஷ நடை. வண்டி அரை மணி லேட்டுன்னு இப்பதான் சொன்னான். உக்காருங்க கல்பனாம்மா. டீ வாங்கட்டா? சரி, வேணாம்.

பிஎச்டிய விட்டுட்டு சேலத்துக்கே போறேன்னு எழுதிக் குடுத்தீங்களே, அந்த லெட்டர ஸார் மேஜையில வெச்சது நான்தான். மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. லேப் அட்டெண்டர்னா என்ன, ரெண்டு வருஷமாப் பாக்குறேன்ல. கால்சியம் கரைசல்ல பாஸ்பேட்டச் சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டு, பிஎச் எறங்கிரக் கூடாதுன்னு அமோனியாவ ஊத்திக்கிட்டு, மத்தியானச் சாப்பாட்டையும் மறந்துட்டு நிப்பீங்க. வெள்ளையாப் பொடி வரும். மைக்ராஸ்கோப்புல பாத்தா ஊசி ஊசியா வளந்து கெடக்கும்.

ஆமா, குட்டிக் குட்டி உருண்டையாத்தான் வரணும், அது எனக்கும் தெரியும். எலும்புல ஓட்டைய அடைக்கிற பொடி, ஊசியா இருந்தா செல்லெல்லாம் செத்துப் போகுதுன்னு நீங்கதான சொன்னீங்க.

உங்களுக்கு முன்னாடி இருந்த ஸ்மிதா தீதிக்கு மட்டும் உருண்டை எப்படி வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. அதே கெமிக்கல், அதே சூடு, அவங்க எழுதி வெச்ச அதே நோட்டு. உனக்கு வேலையில சுத்தம் இல்லன்னு ஸார் எல்லார் முன்னாடியும் சொன்னாரே, அன்னைக்கு நான் பின்னாடி பீக்கர் கழுவிக்கிட்டு இருந்தேன்.

அழாதீங்கம்மா. உங்க வேலை சுத்தம்தான்.

போன மாசம் நீங்க லீவுல இருந்தப்போ, வெளியூர் புரொபஸர் ஒருத்தர் வந்தாரு. டீ கொண்டு போனேன். உப்புத் தண்ணில இருக்குமே, அந்த மெக்னீசியம் கொஞ்சம் கலந்தாப் போதும், இந்தப் பொடி ஊசியா வளராம சின்ன உருண்டையாவே நின்னுரும்னு ஸார்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. ஸார் சிரிச்சாரு. எங்க லேப்ல டிஸ்டில்டு வாட்டர் தவிர வேற எதுவும் கெடையாதுன்னாரு. அப்பதான் எனக்கு ஒண்ணு ஒறைச்சுது.

நான் காண்ட்ராக்ட் ஆளும்மா. மார்ச்சுக்கு மார்ச்சு ஸார் கையெழுத்துப் போட்டாத்தான் வேலை. ஸ்மிதா தீதி அந்தப் பொடிய ஆரம்பிச்ச புதுசுல, டிஸ்டில்டு வாட்டர் எடுக்குற மெஷினப் போட்டு விட்டுட்டு வெளிய போயிட்டேன். தண்ணி வத்தி, ஹீட்டர் காயில் எரிஞ்சு போச்சு. சொன்னா வேலை போயிரும்னு பயம். அந்த ரூமுக்கு என்னைத் தவிர யாரு வர்றா?

ஆமா, உங்க வண்டிதான், சிக்னல் போட்டுட்டான்.

புது மெஷின் நீங்க சேந்த மாசம்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி எட்டு மாசம், ஸ்மிதா தீதி கேன்ல நான் ரொப்பி வெச்சதெல்லாம் பின்வாசல் டியூப்வெல்லோட உப்புத் தண்ணிம்மா. ஸார்கிட்ட இன்னும் சொல்லல. மொதல்ல உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு.