தட்டு முடியட்டும்

கதவத் தட்டாதீங்க மொதலாளி, சொன்னாக் கேளுங்க. உள்ள தாப்பாப் போட்டு ஒக்காந்துட்டானுகன்னா வீடே தீப்பிடிச்சாலும் எந்திரிக்க மாட்டானுக. அதுதான் அவனுக சட்டம். மொதப் பாட்டுத் தட்டுல ஆரம்பிச்சுக் கடைசித் தட்டு முடியுற வரைக்கும் ஒருத்தனும் வெளிய வரப்படாது, வாயத் தெறக்கப்படாது. சட்டம் போட்டவனே ஒங்க மகன் அழகருதான். ஒக்காருங்க. துரைசானி ஒக்காந்த நாற்காலி, நல்ல தேக்கு, ஒங்களத் தாங்கும்.

தெரியுதுங்க. வெள்ளிக்கிழம கல்யாணம், பத்திரிக்க அடிச்சாச்சு, தங்கச்சி மகதான் பொண்ணு, மாப்பிள்ளையக் கையோட ஆயக்குடிக்கு எறக்கணும். நல்லாக் கூட்டிட்டுப் போங்க, நானா தடுக்குறேன்? தட்டு முடியட்டும், அம்புட்டுத்தான். இந்தாங்க காப்பி. வேணாமா? சரி, அங்கன இருக்கட்டும். எம்மக லீமா வீட்டுல இல்ல, நானே போட்டது, கழனித்தண்ணியாத்தான் இருக்கும். எதுத்த கடையில சோடா வாங்கித் தாறேன். மூடி போட்டு வரும், அதுல ஒங்களுக்குச் சங்கடம் ஒண்ணும் இருக்காதுல்ல.

கேக்குதா அந்தக் கூப்பாடு? லண்டன் கோஷ்டிங்க. பேரு என் வாயில நொழையாது. அவனுக பிரிஞ்சே பல வருசமாச்சு, பாடுனவனுகளே மறந்திருப்பானுக, இவனுகதான் விடமாட்டானுக. காலேஜ் லீவு விட்டதும் நாலு பயலும் மலையேறி வந்து, நூறு தடவ கேட்டதத் திரும்ப மொதல்ல இருந்து கேக்கணும். தின்ன சோத்தையே திரும்ப எடுத்து மெல்லுற கூட்டம். புதுசா என்னடா கெடைக்கப் போகுதுன்னேன். ரெண்டாவது தட்டுல ஒரு பாட்டு முடியுற எடத்துல எவனோ இருமுறானாம், போன வருசம் அதக் கவனிக்கலியாம். இருமலக் கேக்கணும்னா கவுர்மெண்டு ஆஸ்பத்திரி வாசல்ல போய் நில்லுங்கடா, காசில்லாமக் கேக்கலாம்னேன்.

அதுல சண்ட வேற. ஒருத்தன் சொல்றான், மொத மூணு தட்டுத்தான் சங்கீதம், பெறகு துட்டுக்குப் பாடிட்டானுகன்னு. துட்டுக்குப் பாடுனா என்ன தப்பு? நான் துட்டுக்குத்தான் கட்டில் விக்கிறேன், அதுல படுத்தாத் தூக்கம் வரலியா? இன்னொருத்தன் கடைசித் தட்டுத்தான் ஒசத்தி, ஒலகத்துக்குத்தான் புரியலங்கறான். மீச முழுசா மொளைக்கல, அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமாங்கறான்.

தட்டு வந்த கதையா? வெள்ளக்கார வாத்தியாரு ஒருத்தரு சீமைக்குத் திரும்புறப்போ கட்டிலு, குளிக்கிற தொட்டி, அடுப்பு எல்லாத்தையும் மொத்தமா வெல பேசித் தூக்கிட்டு வந்தேன். கட்டிலுக்கடியில பாட்டு மிசினும் இந்தத் தட்டுப் பெட்டியும் கெடந்துச்சு. ஒங்க மகன் வந்து வெல கேட்டான். வாயில வந்ததச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமக் கைக்கடிகாரத்தக் கழட்டி வச்சுட்டான். ஏலே, நீயெல்லாம் மண்டிக்காரர் மகனான்னு கேட்டேன். கடிகாரத்தையும் வாங்கிக்கிட்டேன், தட்டையும் குடுக்கல. வேணும்னா இங்கனயே வந்து கேட்டுக்கோன்னுட்டேன். அதுக்கும் சரின்னான் மடப்பய. தட்டத் தொடைக்க வெல்வெட்டுத் துணி வேணுமாம். மிசின்ல மொத்தமா அடுக்கப்படாதாம், கீறல் விழுமாம், ஒண்ணொண்ணாக் கையாலதான் திருப்பணுமாம். நான் கிட்டப் போனாலே மொறைப்பான்.

ஒங்க மண்டி எனக்கு எப்படித் தெரியுமா? நல்லாக் கேட்டீங்க. கொய்யாக்கூடை சொமந்திருக்கேன் அங்க. ஒரு கூடை சரிஞ்சதுக்கு ஒங்க அப்பாரு செருப்பக் கழட்டுனாரு. எனக்கு அதுதான் பள்ளிக்கூடம். உபகாரம்னு பேரு சொன்னாலும் ஒங்களுக்கு நெனவு வராது, விடுங்க.

டொக்குனு கேட்டது தட்டு மாறுற சத்தங்க, வேறென்ன.

இருங்க, உள்ள தண்ணி குடுத்துட்டு வந்துர்றேன். என்ன அப்படிப் பாக்குறீங்க? எனக்கு மட்டும் வழி இருக்குங்க, எங்க அடுப்படிக்குள்ள பூந்து போகணும். மாட்டுக்கறி வாங்கிக் கயித்துல தொங்க விட்டிருக்கு, தலையில இடிக்கும், குனிஞ்சு வரணும். வாறீங்களா? அதான். ஒக்காருங்க.

வந்துட்டேன். பாதிதான் ஓடியிருக்கு. கோவப்பட்டு ஆகப்போறது என்ன, கரண்டு போனா அவனுகளே எந்திரிச்சு வந்துருவானுக. இன்னைக்குன்னு பாத்துப் போக மாட்டேங்குது. நீங்க சொல்லுங்க, தங்கச்சி தோப்பு எந்தப் பக்கம்? ஓ, ஒங்க தோப்ப ஒட்டியே இருக்கா, வாய்க்காலும் ஒண்ணுதானா. அப்ப ஒங்க மகன் வாய்க்காலுக்குத்தான் தாலி கட்டப் போறான்னு சொல்லுங்க. அட, வெளையாட்டுக்குச் சொன்னேன், துண்ட ஒதறாதீங்க. பொண்ணு என்ன படிச்சிருக்கு? தெரியாதா? தோப்புல எத்தன மரம்னு கேட்டிருந்தா டக்குனு சொல்லியிருப்பீங்க. நான் பழைய சாமான் யாவாரி மொதலாளி. ஒடஞ்ச கட்டில வாங்குறதுன்னாக்கூட நாலு காலையும் ஆட்டிப் பாத்துத்தான் வாங்குவேன்.

ஆமா, பாட்டு நின்னுருச்சு. அந்தா, டவுன் பஸ்ஸும் வந்துருச்சு. வளைவுல யாரு எறங்குறான்னு பாத்துக்குறேன், ஒரு நிமிசம்.

சரி. இப்பத் தட்டுங்க கதவ. ஒதைச்சே தெறங்க, தாப்பா இத்துப் போனதுதான்.

யாருமில்லியா? ஆமா, யாருமில்ல. மிசின்தான் பாடிக்கிட்டுக் கெடந்துச்சு. நடுக் கம்பியில தட்ட அடுக்கி விட்டா ஒண்ணு முடிய ஒண்ணு தானா விழுகும். நடுவுல போய்த் திருப்பி அடுக்கிட்டு வந்தேன். அவனுக இருந்திருந்தா என் கைய ஒடிச்சிருப்பானுக. நீங்க கீழ டீக்கடையில வழி கேக்குறப்பவே சேதி வந்துருச்சுங்க. அப்பத்தான் ஒங்க மகனும் எம்மகளும் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு பஸ் ஏறுனாங்க. பின்னாடியே போயிருந்தா வாசல்லயே மடக்கியிருப்பீங்க. மூணு சாட்சி கேட்டாங்களாம், மிச்ச மூணு பயலும் போயிருக்கானுக. இத்தன வருசத்துல அவனுக பாத்த ஒரே உருப்படியான சோலி.

கத்தாதீங்க. நானும் கத்துனவன்தான், செருப்பையும் கழட்டுனேன். அசையல பய. எங்க ஏசு வேதத்துக்கு வான்னேன், வரமாட்டேன், லீமாவயும் எங்க சாமிக்கு மாத்தச் சொல்ல மாட்டேன்னான். ரெண்டு வருசம் பொறுன்னேன். ஆபீசுல நோட்டீசு ஒட்டுற ஒரு மாசத்துக்கு மேல ஒரு நாள்கூட முடியாதுன்னான். அந்தக் குப்பைத் தட்டுக்கு பேரம் பேசத் தெரியாதவன், எம்மகளுக்கு என்னையவே மடக்கிட்டான்.

எங்க அடுப்படி வழியா அஞ்சாறு எட்டுத்தாங்க. நான் கூப்புட்டப்பவே வந்திருந்தாப் பாத்திருப்பீங்க, உள்ள காக்கா குருவிகூட இல்லன்னு. ஒங்களுக்குத்தான் குனிய வரலியே.

மாலையோட ஏறி வாறாங்க. துண்ட நேராப் போடுங்க. காப்பி ஆறிப்போச்சு, இருந்தாலும் குடிங்க, சம்மந்தி.