எனக்கு ஒன்றுதான் தெரிந்தது

தலைமையேற்றுத் தகவுடன் வீற்றிருக்கும் ஐயா புவனேஸ்வரன் அவர்களே! தோட்டத்து வெயிலில் தோல் கறுத்து எங்களை ஆளாக்கிய பெரியோர்களே! தொலைநோக்கியில் வானம் பார்க்கத் திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே! சிரம்பான் வானியல் கழகத்துச் செல்வங்களே! நீலாவதியின் நெஞ்சம் நிறைந்த வணக்கம்!

வடக்கு வானில் ஏழு மீன்கள். வால் நடுவே வசிட்டர், அருகே அருந்ததி. அந்த இரண்டுக்குள் ஆறு விண்மீன்கள் அடக்கம் என்கிறது அறிவியல். ஆறா? ஒரு காலத்தில் எனக்கு அங்கே இரண்டுகூடத் தெரியவில்லை, ஐயா!

எண்பத்து நான்காம் ஆண்டு, வைகாசி. சுவா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் எனக்கும் ரப்பர் ஆலையில் வேலை செய்த முகுந்தனுக்கும் காலையில் கல்யாணம். "அருந்ததி பாரும்மா" என்று பூசாரி கோயில் கூரையைக் காட்டினார். தலையாட்டினேன். மாப்பிள்ளை விடவில்லை. பொழுது சாய்ந்ததும் எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துத் திடலுக்கு அழைத்துப் போனார். பின்னாலேயே சொந்தபந்தம்!

"இப்பப் பாரு. எத்தனை தெரியுது?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஒன்னுதாங்க. அதுவும் புகை மாதிரி."

திடலே திகைத்தது. "கல்யாணத்தன்னைக்கு அருந்ததி தெரியலையா? நல்லதுக்கில்லையே!" என்றார் மாமியார் பஞ்சாலையம்மா. என்ன சொல்லப்போகிறார் என் மாப்பிள்ளை?

"கண்ணு சரியில்ல லா, அம்மா! அதுக்குப் போய் சகுனம் பார்ப்பாங்களா?"

கைதட்டலா? மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார், அவர் காதில் விழும்படி தட்டுங்கள்!

மரப்பட்டையில் கத்தி ஆழமாய் இறங்கிவிட்டதென்று மூன்று வருடம் மேற்பார்வை மண்டோரிடம் திட்டு வாங்கியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுநாளே பஸ் ஏறினோம். சிரம்பானில் கண்ணாடிக்கடை சலாவுதீன் பாய் கண்ணைச் சோதித்தார். ஒரு வாரத்தில் கண்ணாடி வந்தது. போட்டதும் முதலில் நான் கண்டது எது? விண்மீனா? என் கணவரின் புருவத்தில் ஒரு தழும்பு! ஒரு வாரம் கூடவே வாழ்ந்தும் அதை நான் பார்த்ததே இல்லை. அன்று மாலை திடலில் நின்றேன். பெரியது ஒன்று, ஒட்டினாற்போல் சின்னது ஒன்று. "ரெண்டுங்க, ரெண்டு!" என்று அழுதேவிட்டேன்.

மாமியார் என் கையைப் பிடித்துக் காதோடு சொன்னார்: "என் கல்யாணத்துலயும் எனக்கு ஒன்னுதான்டி தெரிஞ்சிச்சு. பயத்துல தெரியுதுன்னுட்டேன். பாய்கிட்ட என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

அந்த லயம் இன்று இல்லை. திடல் இருந்த இடத்தில் தெருவிளக்கு எரிகிறது. மாமியாரும் போய்விட்டார். முப்பது ஆண்டு அவர் மூடி வைத்திருந்த அச்சமும் அவரோடு போகட்டும், தாய்மார்களே! நம் வீட்டுப் பெண் "தெரியவில்லை" என்றால் அதட்டாதீர்கள்! அஞ்சாதீர்கள்! அருகில் போய்க் கேளுங்கள்!

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் அன்புக்கு நன்றி. வெளியே வானம் தெளிந்திருக்கிறதாம். வாருங்கள், எல்லோருக்கும் வணக்கம்!