முன்வரிசை நாற்காலி

— அன்னைக்கு நீ என்ன சொன்ன பெரியவனே? "ரெண்டு மணி நேரம் சக்கர நாற்காலியில உக்காரும்மா, முன்வரிசை கிடைக்கும்"ன்ன. "எனக்குக் கால் நல்லாத்தானேடா இருக்கு"ன்னேன். "அதை யாரு கேட்டா?"ன்ன. இப்ப பாரு, கோல் விழுந்து ஊரே எழுந்து குதிக்குது. நான் மட்டும் பிடிச்சு வச்ச மாதிரி உக்காந்திருக்கேன்.

— உக்காருன்னா உக்காரும்மா. எழுந்தா காவலாளி நம்ம அத்தனை பேரையும் வெளிய தள்ளிடுவான். புரியுதா?

— நான் எதுவும் சொல்லலப்பா. ஆனா அத்தை, அந்தப் போர்வையை இழுத்து மூடுங்க. காலை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க, பாக்கறவங்களுக்குத் தெரியாதா?

— மூடிட்டேன்டி மருமகளே. கோல் போட்டது யாருடா?

— நம்ம ஊருதான். வாங்கிக்கிட்டது, அந்தப் பக்கம் கோல்கீப்பரா நிக்கற உன் செல்லப் பிள்ளை. டேய் ஓட்டைக்கையா! கையில வெண்ணெய் தடவிட்டு வந்தியா? வீட்டுக்குப் போடா!

— எந்த வீட்டுக்குடா? "படியை மிதிச்சா காலை உடைப்பேன்"னு சொன்னவனே நீதானே.

— ஆட்டம்தான் பெருசுன்னு போனவனுக்கு வீடு எதுக்கு?

— வெளியூர் டீமா இருந்தாலும் உன் தம்பிடா. இவ்வளவு கிட்ட அவனைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு! அதுக்காகத்தான் இந்தக் கூத்துக்கே ஒத்துக்கிட்டேன். அவன் போன் பண்ணா, "அம்மா தூங்கறா"ங்கற. எப்பவாவது கையில குடுத்தாலும் பக்கத்துலயே நிக்கற. "நல்லாயிருக்கேன்"னு ஒரு வார்த்தை, அதோட சரி.

— நல்லாத்தானே இருக்கீங்க அத்தை? நான் எதுவும் சொல்லலப்பா. நாளைக்கு எனக்குக் காலை ஷிப்டு. பிள்ளைங்களைக் குளிப்பாட்டி, டப்பா கட்டி, ஸ்கூல் வண்டியில ஏத்தி விட்டுடுங்க. துணியும் ஊறுது.

— இந்த நாற்காலிக்காரிக்கு அதுக்கெல்லாம் கால் வந்துடுமாடி?

— வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் வந்துடும். அதிசயம்தான் போங்க!

— விசில் அடிச்சிட்டான்! தோத்துட்டான் பாரு, மூஞ்சியைப் பாரு! அம்மா, ஆட்டம் முடிஞ்சா எல்லாரும் இந்த வரிசைக்கு வந்து கைகுடுப்பாங்க. அவனும் வருவான். கையைக் குடு, சிரி. கால் எப்படி இருக்குன்னு கேட்டா வாயைத் திறக்காதே. புரியுதா?

— அவன் எதுக்குடா என் காலைக் கேக்கப்போறான்?

— கேட்டா நான் பேசிக்கறேன். குனிஞ்சுக்கோ, வந்துட்டான்.

— அம்மா... அம்மா, எவ்வளவு இளைச்சுட்ட! கால் இன்னும் அப்படியேதான் இருக்கா?

— என் காலுக்கு என்னடா சின்னவனே?

— மறைக்காதேம்மா. நீ படுத்த படுக்கையாயிட்டேன்னு அண்ணன் சொன்னான். அதனாலதான் கெஞ்சிக் கூத்தாடி இந்த வரிசையில இடம் வாங்கி அனுப்பினேன்.

— இது நீ அனுப்பினதா?

— என்கூட வந்து இருன்னு எத்தனை தடவை கேட்டேன். உன் உடம்பு பயணம் தாங்காதுன்னான். நீயே வரமாட்டேன்னு சொல்லிட்டதா சொன்னான். நான் வந்து பார்த்தா உனக்கு மயக்கம் வருதாம், அதனால வராதேன்னுட்டான்.

— போதும்டா, எல்லாரும் பாக்கறாங்க. அவளுக்கு ஞாபகமும் சரியில்ல, எதையாவது உளறுவா. நீ போ.

— வாயை மூடுடா பெரியவனே. சமைக்க ஆள் வேணும்னா சமைக்க ஆள் வேணும்னு சொல்லியிருக்கணும். உசிரோட என் காலை எடுத்துட்டியே!

— அத்தை! என்ன பண்றீங்க? உக்காருங்க அத்தை, காவலாளி பாக்கறான்!

— பாக்கட்டும். இந்தா, போர்வையைப் பிடிடி. சின்னவனே, அழாதே, கையை நீட்டு. என்னை உன்கூடக் கூட்டிட்டுப் போடா. நடந்தே வரேன்.