மங்கம்மாள் போக வேண்டிய ஊர்

காலை ஐந்தே கால். புதூர்நாட்டிலிருந்து கீழே இறங்கும் மலைப்பாதை. முதல் ஜீப் இன்னும் கிளம்பவில்லை. நல்ல பனி... பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள்.

காவியா, அந்தப் போன் வெளிச்சத்தை அணை. சொல்கிறேன். இது என் நண்பன் ஆனந்தனின் சித்தி வீட்டில் நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து அந்த இருட்டு அறையில் தனியாகப் படுக்கலாம்... யாரும் எழவில்லையே? சரி.

நடந்து போனவள் மங்கம்மாள். மலை ஊர் மகளிர் குழுக்களில் நன்றாகச் சமைக்கிறவர்களை ஜப்பானுக்கு அழைத்துப் போவதாக ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. தகயாமா என்று மலைகளுக்கு நடுவே ஒரு பழைய ஊர். கறுத்த மரவீடுகள், ஆற்றங்கரையில் காலைச் சந்தை, அரக்குக் கிண்ணம் செய்கிறவர்கள். அதையெல்லாம் பார்த்து, சாப்பிட்டு, நம் சமையலையும் செய்துகாட்ட வேண்டும். மங்கம்மாள் மந்தாரை இலையில் சுட்ட சாமை அடையைத் தின்றதும் அவள்தான் என்று முடிவாகிவிட்டது. அவளால் முடியாவிட்டால் அவள் சிநேகிதி பாஞ்சாலை. இருவருக்கும் பாஸ்போர்ட் எடுத்தார்கள். மங்கம்மாளிடம் போன் கிடையாது, அதனால் பாஞ்சாலையின் நம்பரையே கொடுத்தாள். அந்தப் பாஞ்சாலைதான் ஆனந்தனின் சித்தி.

போன் வந்தது. பாஞ்சாலை எடுத்தாள்.

"மங்கம்மாக்காவுக்கு வர இஷ்டம் இல்லீங்க. நான் வர்றேன்."

அவ்வளவுதான். ஒரே மூச்சு.

மங்கம்மாள் தினமும் வந்து, "இன்னா பாஞ்சாலை, போன் வந்துச்சா?" என்று கேட்பாள். "இன்னும் வர்லக்கா" என்பாள் இவள். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். எப்படிச் சந்தேகம் வரும்? ஒரு மாதம் பொறுத்துவிட்டு, ஆலங்காயத்தில் இருக்கும் அந்த நிறுவனத்தின் ஆபீசில் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று அந்தக் காலையில் கிளம்பினாள். இரண்டாவது வளைவில் கிடந்தாள்... உடம்பில் ஒரு கீறல் இல்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

சாவு வீட்டில் எல்லோரையும்விட உரக்க அழுதவள் பாஞ்சாலை. ஏழாம் நாள் விமானம் ஏறினாள். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

ஐந்து ஊர்களிலிருந்து ஐந்து பெண்கள் போனார்கள். அங்கே மொழிபெயர்க்க அருணகிரி என்று ஒருவர், திருவண்ணாமலைக்காரர். முதல் நாள் டீக்கடையில் பெண்கள் வரிசையில் மட்டும் ஆறு கோப்பை வைத்தார்கள். ஆறாவது பாஞ்சாலைக்குப் பக்கத்தில், காலி இடத்துக்கு முன்னால். எண்ணத் தெரியவில்லை என்று எல்லோரும் சிரித்தார்கள்.

மதியம் சாப்பாடு. ஆளுக்கொரு சின்ன அடுப்பு, அதன்மேல் காய்ந்த பெரிய இலை, இலையில் சோயா விழுது. அந்த ஊரில் அது விசேஷம். பாஞ்சாலைக்குப் பக்கத்தில் ஆறாவது அடுப்பைப் பற்றவைத்தார்கள். இலை படபடவென்று பொரிந்தது... எழுந்தது சோயா வாசனை இல்லை. சாமை மாவு, மந்தாரை இலை. பாஞ்சாலை எதையும் தொடாமல் கையைக் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் அரக்குக் கிண்ணம் செய்யும் வீடு. ஒரு கிழவி கிண்ணத்தைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சரக்... சரக்... சட்டென்று நிறுத்தி, பாஞ்சாலைக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். பேசினாள். கேட்டாள். தலையாட்டினாள். மறுபடி பேசினாள். எந்த பாஷையில் என்று என்னைக் கேட்காதீர்கள், அருணகிரிக்கே தெரியவில்லை. பிறகு கிழவி அவர் பக்கம் திரும்பி, ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னாள். அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"அந்தம்மா இன்னா சொல்றாங்க?" என்றாள் பாஞ்சாலை.

"உங்க பக்கத்துல இருக்கறவங்க ரொம்ப சந்தோசமா இருக்காங்களாம். 'என் சிநேகிதி பாஞ்சாலைதான் என்ன இவ்ளோ தூரம் இட்டாந்தா, அவ நல்லா இருக்கணும்'னு சொல்றாங்களாம்..."

பாஞ்சாலை உடைந்துபோனாள். பாயில் விழுந்து அந்த வெற்றிடத்தைக் கும்பிட்டாள்.

"அக்கா, நான் இட்டாரலக்கா! போன் அன்னிக்கே வந்துச்சு. உனுக்கு இஷ்டம் இல்லன்னு நான்தான் சொன்னேன். மன்னிச்சுடுக்கா..."

பாவி. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்த நிமிஷம் வரை மங்கம்மாளுக்கு அது தெரியாது. செத்த பிறகும் தெரியாது. சிநேகிதி கூட்டிவந்தாள் என்ற சந்தோஷத்தில் கூடவே சுற்றிக்கொண்டிருந்தாள்.

வாசல் மரக்கதவு திறந்து... மூடியது. கிழவி பாஞ்சாலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு எங்கேயும் ஐந்து கோப்பைதான். பாஞ்சாலை தேறிவிட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நன்றாகச் சாப்பிட்டாள். கடைசி நாள் சாமை அடை சுட்டுக்காட்டினாள். அப்படி ஒரு ருசி. அவளுக்கு அடை சுடவே வராது என்பது அங்கே யாருக்குத் தெரியும்?

புதூர்நாட்டில் அவள் ஜீப்பிலிருந்து இறங்கியபோது ஆனந்தன் நின்றிருந்தான். "வா சித்தி" என்றான். அவனைத் தாண்டிப் போனாள். தன் வீட்டையும் தாண்டிப் போனாள். மங்கம்மாளின் வீட்டுக்குள் நுழைந்து, குனிந்து அடுப்பைப் பற்றவைத்தாள். மங்கம்மாளின் புருஷன் சடையன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். அவள் தட்டில் போட்டதை ஒரு வாய் தின்றான்... ஓவென்று அழுதான். அவளைப் போகச் சொல்லவில்லை.

பாஞ்சாலையின் புருஷன் லட்சுமணன் இப்போதும் தினம் சாயங்காலம் அந்த வாசலில் போய் நிற்கிறான்.

"பாஞ்சாலை... வூட்டுக்கு வாம்மா. புள்ளைங்க அழுவுது."

கதவு திறக்கும். அவன் தாலி கட்டிய அதே முகம். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாக ஒதுங்கி நின்று சொல்வாள்:

"உள்ள வாங்கண்ணா. பாஞ்சாலை இன்னும் ஊர்லேர்ந்து வர்லீங்களே."