செவலையை யார் தூக்குவது

— முடியாதுங்க. நீங்க எத்தினி வாட்டி கேட்டாலும் அதேதான்.

— தோ பாரு சவுரியம்மா, குப்பை வண்டியத் தள்ளிக்கினே பேசாத. நில்லு. காலைல ஆறு மணிக்கு எங்க செவலை செத்துச்சு. மாட்டுக் கொட்டாயிலயே கெடக்குது. நாளைக்கு எம்பொண்ணு சங்கவிய பாக்க விழுப்புரத்துலேருந்து வர்றாங்க. செத்த மாட்ட வாசல்ல வெச்சிக்கினு அவங்களுக்கு காப்பி குடுக்கச் சொல்றியா?

— நானு ஏன் சொல்லப்போறேன் நடராசண்ணே? ஜேசிபிக்கு சொல்லி உடுங்க. ஜல்தியா குழி வெட்டிப் பொதைச்சிடலாம்.

— அண்ணேவா! உன் மாமியா உசுரோட இருந்த வரைக்கும் 'ஆண்டே'ன்னுதான் கூப்புடுவா.

— அவங்களப் பொதைச்சப்பவே அதையும் சேத்துப் பொதைச்சிட்டோம்.

— வாயி நீண்டு போச்சி. சரி வுடு. ஜேசிபிக்காரன் அமாவாசைன்னு மேல்மலையனூரு போயிட்டான். நாளைக்கு சாயங்காலம்தான் வருவானாம். உன் புருசனையும் உம்புள்ள தென்னரசையும் கூட்டிக்கினு வா. கயிறு கட்டி ஏரிக்கரை வரைக்கும் இழுத்துப் போட்டுட்டா போதும். தோலை நீங்களே எடுத்துக்கங்க.

— தோலை வெச்சிக்கினு இன்னா பண்றது? தென்னரசு பாண்டிச்சேரி கம்பேனில மெஷின் ஓட்டறான்.

— ஊரு குப்பைய அள்றவதானே நீ? தோ பாரு, இதுவும் ஒரு குப்பைன்னு நெனைச்சிக்க.

— மாதாவே! பத்து வருசம் உங்க புள்ளைங்களுக்குப் பால் குடுத்தத குப்பைன்றீங்களே.

— வாய் தவறி வந்துடுச்சி. பேஜாருல பேசறேன். எனுக்கு மட்டும் மனசு இல்லியா? நாலு நாளா ஒரு வாய் தின்னல அது. மல்லாட்டைக் கொடி போட்டேன், மூஞ்சத் திருப்பிக்கிச்சி. கேப்பைக் கூழக் கரைச்சி வாயத் தொறந்து ஊத்தினேன், அப்பிடியே வெளிய உட்டுடுச்சி. என் கண்ணையே பாத்துக்கினு படுத்துக் கெடந்துச்சி.

— டாக்டரு பாக்கலியா?

— திண்டிவனத்துலேருந்து வந்தாரு. வயிறு பூரா பிளாஸ்டிக்கு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு கைய விரிச்சிட்டாரு.

— கறவை நின்னதும் கயித்த அவுத்து வெளிய வெரட்டுனீங்க. அது ஏரிக்கரைக் குப்பைமேட்டுலதான் மேய்ஞ்சிது.

— ஊர்ல எல்லாரும்தான் உடறாங்க. அத வுடு. உன் மாமனாரு காலத்துல ஒரு ஆள அனுப்பினா போதும், கூப்புட்ட கையோட வந்து தூக்கிக்கினு போவாரு.

— தூக்கினாரு, யாரு இல்லன்னா? கோமாரி வந்த வருசம் ஒரே வாரத்துல பதினோரு மாடு தூக்கினாரு. பன்னெண்டாவது உங்க ஊட்டு மாடு. முடியாதுன்னுட்டாரு. ஒரு வருசம் எங்கள எந்தக் கழனிலயும் கால் வெக்க உடல உங்கப்பா. எம்புருசன் ஏழாங்கிளாஸ உட்டுட்டு கண்டமங்கலத்துக்கு செங்கல் சொமக்கப் போச்சி. அந்த ஒரு வார்த்தைக்கு நாங்க பட்டது கொஞ்ச நஞ்சமில்லண்ணே. உங்க ஊட்டு நல்ல காரியத்துக்காக அத நானு உட்டுத் தர மாட்டேன்.

— எங்கப்பா செஞ்சதுக்கு நானு இன்னா பண்ணட்டும்? தோ பாரு, நானு அப்பிடியா? எம்பொண்டாட்டி அம்சவள்ளி தெனமும் உனுக்கு சோறு குடுக்கறா. அந்த நன்றிகூட இல்லியா?

— குடுக்கறாங்க. எதுல குடுக்கறாங்கன்னு பாத்திருக்கீங்களா?

— எதுல?

— கேரி பேக்ல. மீந்த சோத்தையும் கொழம்பையும் ஒண்ணா கொட்டி, இறுக்க முடிச்சி போட்டு, கேட்டுல மாட்டிட்டு உள்ள போயிடுவாங்க. எங்கையி உங்க ஊட்டுத் தட்டுல படக்கூடாதில்ல.

— அது... பொம்பளைங்க பழக்கம். வேணாம்னு ஒரு நாளாச்சும் சொன்னியா நீ?

— சொன்னா திமிருன்னுவீங்க. அடுத்த மாசம் இந்த வண்டிய வேற ஆளு தள்ளும். அதான் வாயத் தொறக்காம வாங்கிக்குவேன்.

— வாங்கித் தின்னியில்ல?

— மாதா சத்தியமா ஒரு பருக்கை தின்னதில்ல. எங்க ஊட்டு நாயிக்குக்கூட வெச்சதில்ல. குப்பைமேட்டுக்குப் போனதும் அப்பிடியே தூக்கி வீசிடுவேன்.

— கவரோடவா?

— அத அவுக்கவே எனுக்கு மனசு வர்ல.

— எத்தினி நாளா, சவுரியம்மா?

— ரெண்டு வருசமா. அவுத்துக் கொட்டியிருக்கணும், தப்புதான். செவலை குப்பைமேட்டுக்கு வராத இந்த நாலு நாளா எனுக்கும்தான் சோறு எறங்கல. இன்னா மூஞ்சோட வந்து அது கால்ல கயிறு கட்டுவேன்?

— அடிப்பாவி... அங்க எத்தினியோ மாடு மேயுது. எங்க செவலைதான் தின்னுச்சின்னு உனுக்கு எப்பிடித் தெரியும்?

— நானு வீசுனதும் அதுதாண்ணே மொத ஆளா ஓடி வரும். உங்க ஊட்டு சோத்து வாசனை அதுக்குத் தெரியாதா?