எல்லாருக்கும் ஒரே படம்

கூட்டத்துக்கு வாங்கிற றோல்ஸ் ஆறினாப்பிறகு அதில ஒரு சுவையும் இல்லை, ஐயா. மாவட்டத்தில வெள்ள வேலைகளை ஒருங்கிணைக்கிற பொறுப்பை எடுத்த நாளிலயிருந்து நான் ஆறின றோல்ஸ்தான் சாப்பிட்டனான். குளத்தைப் பாக்கிற ஆக்கள் தண்ணி முழங்காலளவு எண்டுவினம். படகுக்காரர் கழுத்தளவு எண்டுவினம். ஆரின்ர கழுத்து எண்டு அதுக்கும் ஒரு சண்டை. போன மாரிக்கு ஒரே முகாமுக்கு மூண்டு நிறுவனம் பாய் குடுத்தது. பக்கத்து முகாமில சனம் சீமெந்துத் தரையில படுத்தது.

அதாலதான் எல்லாருக்கும் பொதுவா ஒரு படம் செய்தனான். போனில திறந்தால் ஊர்கள் தெரியும். சனம் மாட்டுப்பட்ட ஊர் சிவப்பு, வெளியேறின ஊர் பச்சை. கூடவே ஒரு வாட்ஸ்அப் குழு. நிறம் மாத்திறது நான் மட்டும். ஆளாளுக்கு உப்புப் போட்டால் கறி கரிக்கும்தானே.

நஸ்மியாவைப் பற்றிக் கேட்டனீங்கள். நிவாரண நிறுவனமொண்டில ஊர் ஊராத் திரியிற வேலை அவாவுக்கு. கெட்டிக்காரி. எல்லாரும் ‘ஓம்’ எண்டால் அவா மட்டும் ‘ஆனால்’ எண்டுவா. ‘ஆனாலக்கா’ எண்டு நான் பேரே வைச்சனான். அவாவும் சிரிச்சவா.

இந்த மாரி வெள்ளத்தில, அண்டு காலமை ஆத்திமடு எண்ட ஊர்ச் சனம் முழுக்கப் படகில ஏறியாச்சு எண்டு படகுக்காரர் அறிவிச்சினம். பச்சையாக்கினன். கொழும்பிலயிருந்து பெரிய ஆக்கள் வந்து நிண்டவை. சுவரில பெரிசாக் காட்டின படம் முழுக்கப் பச்சை. ஒருத்தர் என்ர முதுகில தட்டினார். அந்த நேரம் பாத்து நஸ்மியான்ர செய்தி வந்தது. சுப்பம்மா எண்டு நடக்கேலாத அம்மா ஒராள் ஆத்திமடுப் பள்ளிக்கூடத்தில விடுபட்டிட்டா, தானும் அவாவோட நிக்கிறன், படகு அனுப்புங்கோ எண்டு.

சிவப்பாக்கினால் படகுக்காரர் கோவிப்பினம். விருந்தாளிகள் வெளிக்கிட்டாப்பிறகு சத்தமில்லாமல் ஒரு படகை அனுப்பலாம் எண்டு நினைச்சு, அந்தச் செய்தியை அழிச்சனான். அவா திரும்பத் திரும்ப எழுதினா. அதால அவாவைக் குழுவிலயிருந்து எடுத்துவிட்டனான். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

பிறகு குளத்துப் பொறியியலாளர் சிவகரன் எனக்குப் போன் எடுத்தார். குளக்கட்டு தாங்காது, வான்கதவுகளை முழுசாத் திறக்கவேணும், தண்ணி ஆத்திமடுவுக்காலதான் பாயும் எண்டார்.

“அங்க ஒருத்தரும் இல்லைத்தானே?”

“படத்தைப் பாருங்கோ.”

“பச்சை காட்டுது.”

“பிறகென்ன.”

நான் பொய் சொல்லேல்லை, ஐயா. அவர் பாத்தார், அது பச்சையாத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் மேட்டில இருக்கெண்டு நான் நினைச்சிருப்பன்.

தண்ணி வடிஞ்சாப்பிறகு ரெண்டு பேரின்ர உடலையும் எடுத்தவை. தண்ணி சுப்பம்மாவை இழுத்துக்கொண்டு போகாமல், நஸ்மியா தான் தலையில போட்டிருந்த சோலால அவாவை யன்னல் கம்பியோட சேர்த்துக் கட்டியிருந்தவாவாம்.

செய்தியை அழிச்சதும், அவாவை எடுத்துவிட்டதும், தெரிஞ்சுகொண்டே கதவைத் திறக்கவிட்டதும் நான்தான். சிவகரனைக் கரைச்சல்படுத்தாதேங்கோ.

இந்த விசாரணைக்கு வரமுதல் நஸ்மியான்ர நம்பரைத் திரும்பவும் குழுவில சேர்த்துவிட்டனான். அவாவில எனக்கு ஒரு கோவமும் இல்லை.