கொம்பையா பிடிச்ச பிடி

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, இந்தச் செம்மணல் தேரிக்கு ரோடே வராத காலத்துல, நம்ம சுண்டங்காட்டுவிளையில கொம்பையான்னு ஒருத்தன் இருந்தானாம். எனக்குப் பூட்டன் முறை. சடுகுடுல பிடிகாரன். எப்பவும் பாடிப் போறவனுக்குத்தான் பேரு. பிடிகாரனை எவன் நெனைக்கான்? ஆனா இவனை நெனைச்சாக. பயந்து நெனைச்சாக.

கோயில் கொடை நடக்கிற ஊருக்கெல்லாம் இவனைக் கூட்டிட்டுப் போவாகளாம். இடது மூலையில குனிஞ்சு நிப்பானாம். வாரவன் மூச்சு விடாம சடுகுடு சடுகுடுன்னு பாடிட்டே தொட்டுட்டு, நடுக்கோட்டுக்குத் திரும்பணும். கொம்பையா கணுக்கால்ல கை வச்சான்னா, திரும்புறதாவது! கொம்பையாவுக்கு முன்பல்லு போச்சு, ஒரு காது பிஞ்சு தொங்குச்சு, விரலெல்லாம் ஆளுக்கொரு பக்கம் கோணி நிக்கும். பிடி மட்டும் விடாது. அவன் வாரான்னு கேட்டாலே ஆத்தாமாரு மகனை உள்ள வச்சுக் கதவைச் சாத்துவாகளாம்.

சிரிக்காதலே, கேளு. பாட்டு நின்னா பிடிச்ச காலை விடணும்லா? இவன் கை விடாதாம். "ஐயோ விடுலே"ன்னு அவன் கத்துவான். இவனும் விடத்தான் பாப்பான். விரல் விரியாதாம். நாலு பேரு சேந்து பிரிப்பாகளாம். அப்படி ஒருத்தன் கால் முறிஞ்சே போச்சு. அதுக்குப் பொறவு பெத்த பிள்ளையைக்கூட கொம்பையா தூக்கலையாம். பொண்டாட்டி நீட்டுனா கையைப் பின்னால கட்டிக்கிடுவானாம். ஊரு அவனுக்குப் பயந்துச்சு. அவன் அவன் கைக்குப் பயந்தான்.

ஒரு கொடைக்கு எதிர்க்கச்சியா வந்தது பரமன்காடு. அதுல பாடுறவன் சிவனணைஞ்சான். கொம்பையா தங்கச்சி உலகம்மாளைக் கட்டுனவன்தான். செத்தாலும் பாட்டை நிறுத்தாத வீம்புக்காரன். உலகம்மா நெறமாசம். மூச்சு வாங்க அண்ணன் முன்னால வந்து நின்னாளாம்.

"அண்ணே, இன்னைக்கு நீ எறங்காத."

"எறங்கலைன்னா ஊரு விடாதும்மா."

"அவுக பாட்டை விட மாட்டாக. உன் கை பிடியை விடாது. நடுவுல நாந்தாம்ணே சாவேன்."

"தொட மாட்டேம்மா. ஒதுங்கியே நிக்கேன்."

ஒதுங்கித்தான் நின்னானாம். சிவனணைஞ்சான் விட்டானா? பெரிய பிடிகாரனைத் தொடாமத் திரும்புனா மானம் போயிருமே! மூலைக்கே வந்து மச்சான் நெஞ்சுல ஒரு உதை கொடுத்தானாம். நெஞ்சுல பட்ட காலைக் கை பிடிச்சுருச்சு.

சடுகுடு சடுகுடு சடுகுடு...

"பாட்டை விடும் மாப்ள! விடும்!" கொம்பையா கெஞ்சுதான்.

சடுகுடு சடுகுடு...

"ஏலே, யாராவது என் கையைப் பிரிங்கலே!"

ஒருத்தனும் கிட்ட வரலை. ஜெயிக்கிற நேரத்துல பிடியை எவன் பிரிப்பான்? நம்ம ஊருதான் மக்கா, நம்ம ஆளுகதான். பாத்துக்கிட்டு நின்னாக. சிவனணைஞ்சான் முகம் கறுத்துப் போச்சு. மூக்குல ரத்தம். பாட்டு தேஞ்சு தேஞ்சு உதடு மட்டும் அசையுதாம்.

கை விரியாது, ஆனா கால் நடக்கும்லா! கொம்பையா பிடிச்ச பிடியோட அவனை மண்ணுல இழுத்துக்கிட்டு நடுக்கோட்டுக்கு ஓடுனானாம். பிடிகாரனே எதிராளியைக் கோட்டுல கொண்டு சேக்கான்! "துரோகி!"ன்னு ஊரே கல்லெறிஞ்சுது. அவன் நிக்கலை. அந்தக் காலைக் கோட்டுக்கு அங்கிட்டுக் கொண்டு போட்டான். கோட்டைத் தொட்டாச்சு, இனிப் பாட்டை விடலாம். சிவனணைஞ்சான் விட்டான். ஆனா அசையாமக் கெடந்தான்.

உலகம்மா களத்துக்குள்ள ஓடி வந்து, அண்ணன் விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சாளாம். கொம்பையா கண்ணை இறுக்க மூடிக்கிட்டான்.

"உசுரு இருக்காம்மா?"

அவ புருசன் நெஞ்சுல காதை வச்சா.

"சொல்லும்மா, இருக்கா?"

எம்புட்டு நேரமோ, யாருக்குத் தெரியும். பொறவு சிவனணைஞ்சான் இருமுனான். அந்த இருமலைக் கேட்டுத்தான் கொம்பையா கண்ணைத் தொறந்தானாம். ரெண்டு கையையும் விரிச்சுத் தூக்கி, "பாத்துக்கிடுங்க, விட்டுட்டேன், விட்டுட்டேன்"னு சொல்லிக்கிட்டே வீடு வரைக்கும் போனானாம். பொறவு களத்துல அவன் கால் வைக்கலை.

அதான் மக்கா, இன்னைக்கும் நம்ம களத்துல பாட்டு நின்ன ஒடனே பிடிகாரன் ரெண்டு கையையும் விரிச்சு ஊருக்குக் காட்டணும். காட்டாதவனை மறு ஆட்டத்துல சேக்க மாட்டோம். ஜெயிச்ச சந்தோசத்துல தூக்குதான்னு வெளியூர்க்காரன் கை தட்டுவான். தட்டட்டும். நாம தட்ட மாட்டோம். எல்லா விரலும் விரிஞ்சிருக்கான்னுதான் பாப்போம்.